பழைய வெள்ளை ஷேக்ஸ்பியர் வொண்டர்ராட் (தூண்டில் கோல்) கெடச்சிருக்கு, எங்க இருந்து ஆரம்பிக்கறது?

ட்ராய்_தமிழன்:

எல்லாருக்கும் வணக்கம். மிச்சிகன்ல ட்ராய் பக்கம் இருக்கேன். ஃப்ளை ஃபிஷிங் (பூச்சி மாதிரி செஞ்ச தூண்டிலை, ஃப்ளைய, லைனோட கனத்துலயே வீசி மீன் புடிக்கறது) பழக ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தான் ஆகுது, இதுவரைக்கும் ஒரு கிராஃபைட் ராட்தான் கையில இருந்தது. போன வாரம் ஒரு எஸ்டேட் சேல்ல (ஒரு வீட்டுச் சாமானை மொத்தமா விக்கறது) கராஜ் மூலையில பழைய ஃபைபர்கிளாஸ் ஃப்ளை ராட் ஒண்ணு சாத்தி வச்சிருந்தாங்க, வெலையும் கம்மி, பாத்ததும் புடிச்சுப் போச்சு, எடுத்துட்டு வந்துட்டேன். வெள்ளைக் கலர், ரெண்டு பீஸ், எட்டரை அடி. கைப்பிடிக்கு மேல ஷேக்ஸ்பியர் வொண்டர்ராட், கலமசூ, மிச்சிகன்னு எழுதியிருக்கு, பக்கத்துல ஹெச்.சி.ஹெச் இல்லன்னா ஜி.பி.எஃப்னு ஏதோ எழுத்து. வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா ராட் முழுக்க சுருள் சுருளா லேசா ஒரு கோடு ஓடுது, அது விரிசலா இல்ல இயல்பே அப்படித்தானான்னு புரியல.

இப்ப இருக்கற நெலமை: நடுவுல ரெண்டு பீஸையும் சேக்கற மெட்டல் ஃபெரூல் லேசா ஆடுது, சும்மா வீசிப் பாத்தாலே டிக் டிக்னு சத்தம் வருது. லைன் ஓடற வளையங்களை, அதாவது கைடுகளை, ராட்டோட கட்டின நூல் ரெண்டு இடத்துல பிரிஞ்சு தொங்குது, மத்த நூலெல்லாம் கெட்டியாத்தான் இருக்கு ஆனா வார்னிஷ் மஞ்சளாகி அங்கங்க செதில் செதிலா உரியுது. நுனியில லைன் வெளிய வர்ற வளையத்துல லைன் அறுத்து அறுத்து ஒரு பள்ளம் விழுந்திருக்கு. கார்க் கைப்பிடி கன்னங்கரேல்னு, நாலஞ்சு எடத்துல பேந்து குழியா இருக்கு.

ஆபீஸ்ல ஒருத்தர் அசிட்டோன் போட்டு எல்லாத்தையும் தொடச்சு எடுத்துட்டு புதுசா பெயின்ட் அடிச்சுடு, பளபளன்னு ஆயிடும்ங்கறார். எனக்கு என்னவோ கை வரமாட்டேங்குது. இத வச்சு மீன் புடிக்கணும்ங்கறதுதான் ஆசை, ஷோகேஸ்ல வைக்க இல்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நூல்சுத்தி:

தம்பி, மொதல்ல அந்த அசிட்டோன் பாட்டில மூடி வைங்க. அசிட்டோன், பெயின்ட் ரிமூவர் ரெண்டுமே அந்தக் காலத்து ரெசினை, அதாவது கண்ணாடி இழையைச் சேத்துப் புடிச்சிருக்கற பசைய, பதம் பாத்துடும், மேல இருக்கற கோட்டிங்கும் எழுத்தும் மொத்தமா போயிடும், போனா திரும்ப வராது. ஸ்பிரிட் போட்டுக்கூட எழுத்துப் பக்கம் தேய்க்காதீங்க. இளஞ்சூட்டுத் தண்ணி, ரெண்டு சொட்டு பாத்திரம் வெளக்கற சோப், மெத்துன்னு ஒரு துணி, அவ்வளவு போதும் இப்போதைக்கு.

சுருள் கோடு விரிசல் இல்ல, பயப்படாதீங்க. ஆர்தர் ஹோவால்டுனு ஒரு கெமிஸ்ட், ரெண்டாம் உலகப்போர் சமயத்துல அவரோட மூங்கில் ராட் நுனி ஒடஞ்சுபோச்சு, நல்ல மூங்கில் கெடைக்காத நேரம், கண்ணாடி இழையையும் ரெசினையும் வச்சு ஒரு நுனி செஞ்சு பாத்தார், அதைத்தான் ஷேக்ஸ்பியர் கம்பெனி எடுத்து 1947ல வொண்டர்ராட்னு வித்தாங்க. அவர் முறையில பெரும்பாலான இழை ராட் நீளத்துக்கும் நேரா ஓடும், ரெசின் காயற வரைக்கும் இழை நகராம இருக்க மேல செல்லோஃபேன் டேப்பை இறுக்கிச் சுத்துவாங்க, காஞ்சதும் டேப்பை உரிச்சுடுவாங்க, அந்தத் தடம்தான் நீங்க பாக்கற கோடு. அதைத் தேய்ச்சு வழவழன்னு ஆக்கறேன்னு உப்புத்தாள் எடுத்துடாதீங்க, தேயறது இழையேதான்.

கலமசூன்னு எழுதியிருந்தா பெரும்பாலும் 1970க்கு முன்னாடி செஞ்சது, அதுக்கப்புறம் கம்பெனி சவுத் கரோலினாவுல கொலம்பியாவுக்குப் போயிடுச்சு. உங்க ஊர் ராட் உங்க கைக்கே வந்திருக்கு, சந்தோஷம். ஆனா ஒண்ணு, வொண்டர்ராட் லட்சக்கணக்குல வித்த சரக்கு, வெலை ஏறும்னு நெனச்சு சரி பண்ணாதீங்க, மீன் புடிக்கன்னு சரி பண்ணுங்க, அதுக்கு அருமையான ராட் இது.

என் வழி ஒண்ணே ஒண்ணுதான்: எது கெட்டுப்போயிருக்கோ அதை மட்டும் தொடறது. கெட்டியா இருக்கற நூலைப் பிரிக்காதீங்க. பிரிஞ்ச அந்த ரெண்டு கைடை மட்டும் புதுசா கட்டுங்க, மத்ததுக்கு உரியற வார்னிஷை நகத்தால எடுத்துட்டு மேல தண்ணி, வெயில் தாங்கற ஸ்பார் வார்னிஷ் மெல்லிசா ஒரு கோட்டோ ரெண்டு கோட்டோ போதும்.

பழைய நூலை எடுக்கும்போது பிளேடை ராட் மேல வச்சு அறுக்கக் கூடாது. கைடோட உலோகக் கால் நூலுக்கு அடியில இருக்கும் பாருங்க, அதுக்கு நேர் மேல வச்சு நீளவாக்குல கீறுங்க, பிளேடு இறங்குனாலும் உலோகத்துலதான் படும். ராட்ல ஒரு கீறல் விழுந்தா நாளைக்கு ஒரு நல்ல மீன் இழுக்கும்போது சரியா அந்த எடத்துலதான் ஒடியும். கைடைக் கழட்டறதுக்கு முன்னாடி அது எங்க இருந்ததுன்னு மாஸ்க்கிங் டேப்புல குறிச்சுக்கோங்க, எந்தப் பக்கம் பாத்து இருந்ததுங்கறதையும் சேத்து.

மிச்ச கைடுல ஒவ்வொண்ணுலயும் ஒரு துளி பஞ்சை உள்ள விட்டு உருவிப் பாருங்க, பஞ்சு இழை மாட்டுச்சுன்னா அங்க பள்ளம் இருக்கு, அது உங்க லைனைத் தின்னுடும், அதையும் மாத்துங்க. நுனி வளையம், அந்த டிப் டாப்பை, எப்படியும் மாத்தித்தான் ஆகணும். அதோட அளவு அமெரிக்காவுல இன்ச்சுல அறுபத்து நாலுல ஒரு பங்குக் கணக்குல வரும், 5ன்னா 5/64 இன்ச். நுனியைக் காலிப்பர்ல அளந்துட்டு வாங்குங்க, கண்ணளவுல வாங்கினா ஆடும்.

ஃபெரூல் பத்தி நாளைக்கு வந்து எழுதறேன், அது பெரிய கதை.

ராட்பில்டர்_ஜெர்சி:

அண்ணன் சொன்னதுல அசிட்டோன் விஷயம் நூத்துக்கு நூறு சரி. ஆனா நூல் விஷயத்துல எனக்கு வேற அபிப்பிராயம். அம்பது அறுபது வருஷம் ஆன நூல், வெளிய பாக்க கெட்டியா இருக்கும், உள்ள தண்ணி போய் கைடு கால் துரு புடிச்சிருக்கும். ஒண்ணு பிரிஞ்சா அடுத்தது பிரியும், ஆத்துல நிக்கும்போதுதான் பிரியும். எப்படியும் உக்காரப் போறீங்க, மொத்தத்தையும் எடுத்துட்டு நைலான் ஏ சைஸ் நூல்ல கட்டி ரெண்டு பார்ட் எபாக்ஸி (ரெண்டையும் கலந்தா இறுகற பசை) போட்டுடுங்க, அப்புறம் உங்க காலத்துக்குத் தொடவே வேணாம். இன்னொண்ணு, பழைய ராட்ல கைடு எண்ணிக்கையே கம்மி, எத்தன அடியோ அதோட ஒண்ணு கூட்டி அத்தன கைடுங்கறது இன்னிக்குக் கணக்கு, டிப் டாப் தனி. கைடு கூடினா லைன் ராட்டை ஒட்டி ஓடும், தூரமும் கொஞ்சம் கெடைக்கும்.

எபாக்ஸி கலக்கும்போது ரெண்டு பார்ட்டையும் சிரிஞ்சுல சமமா எடுங்க, கண்ணால ஊத்தாதீங்க, கொஞ்சம் கூடக் கொறைய இருந்தா பிசுபிசுன்னு நிக்கும், காயவே காயாது. பூசினதும் ராட்டை மெதுவா சுத்திக்கிட்டே இருக்கணும், இல்லன்னா ஒரு பக்கமா வழிஞ்சு தொப்பை போடும். மோட்டார் இல்லன்னா கையால கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவ கால் சுத்து, சில மணி நேரம். டிவி பாத்துக்கிட்டே பண்ணலாம்.

டென்வர்_அக்கா:

கார்க் பத்தி யாரும் எழுதலையே, நான் சொல்றேன். கறுப்பா இருக்கறது பாதி அழுக்கு, பாதி கையில இருந்து எறங்கின எண்ணெய். மேஜிக் எரேசர்னு மெலமைன் ஸ்பாஞ்ச் விக்கும்ல, அதை நனச்சு சோப் தொட்டு அழுத்தாம தேயுங்க, எவ்வளவு வெளுக்குதுன்னு நீங்களே ஆச்சரியப்படுவீங்க. அதுக்கப்புறமும் உப்புத்தாள் வேணும்னு தோணினா 220 நம்பர் தாள்ல ரெண்டே இழுப்பு, அதைவிட நைஸான 400ல முடிச்சுடுங்க. கார்க் மெலிஞ்சா கைப்பிடியோட வடிவமே மாறிடும், அந்தப் பழைய வடிவம் அந்த ராட்டுக்குன்னே இருக்கறது.

குழிக்கு: ஒயின் பாட்டில் கார்க் ஒண்ண உப்புத்தாள்ல தேய்ச்சா தூள் வரும், அந்தத் தூளைத் தண்ணி தாங்கற மரப்பசையில கெட்டியா பெசஞ்சு குழியில அமுக்கி, கொஞ்சம் மேடா விட்டு, ராத்திரி முழுக்க காய விட்டு மறுநாள் சமமா தேயுங்க. பசை கூடினா பொட்டுப் பொட்டா பளபளன்னு தெரியும், அதனால தூள்தான் நெறைய, பசை பேருக்கு. கடைசியா டங் ஆயில் மெல்லிசா துணியில தொட்டு ஒரு தடவ. சிலர் அங்கயும் வார்னிஷ் அடிப்பாங்க, கை வழுக்கும், வேணாம்.

நூல் சண்டையில நான் நூல்சுத்தி அண்ணன் பக்கம். இந்த ராட் வளையறதே அதோட அழகு, நுனிப் பக்கம் எபாக்ஸியும் கூடுதல் கைடும் ஏத்தினா அந்தக் கனம் முழுக்க நுனியிலதான் தெரியும், ஏற்கனவே மெதுவான ராட் இன்னும் மெதுவாயிடும்.

நூல்சுத்தி:

ராட்பில்டர் தம்பி சொல்றது புது பிளாங்க்ல, அதாவது கைடு எதுவும் கட்டாத வெறும் கோல்ல, புது ராட் கட்டும்போது முழுக்க சரி, நானும் அப்படித்தான் கட்டுவேன். மிச்சிகன் தம்பி முன்னாடி இருக்கறது வேற. ஆனா அவர் சொன்னதுல ஒண்ண எடுத்துக்கோங்க: கைப்பிடிக்குப் பக்கத்துல இருக்கற பெரிய வளையம், ஸ்ட்ரிப்பிங் கைடு, அதுமேல லைனோட இழுப்பு அதிகம், அது பிரிஞ்ச ரெண்டுல ஒண்ணா இருந்தா அங்க எபாக்ஸி போடுங்க, கனம் அங்க ஒண்ணும் பண்ணாது.

கலர் விஷயம் ஒண்ணு இருக்கு. நைலான் நூலை வெறுமனே கட்டி வார்னிஷோ எபாக்ஸியோ போட்டா உள்ள ஊறி, கண்ணாடி மாதிரி ஆகி, அடியில இருக்கற கைடு கால் தெரியும், செவப்பு நூல் அரக்காயிடும். கலர் மாறாம இருக்கணும்னா மொதல்ல கலர் பிரிசர்வர் பூசணும். பழைய நூலோட கலருக்குச் சேரணும்னா கடை அட்டைய நம்பாதீங்க, ரெண்டு மூணு கலர் வாங்கி ஒரு பென்சில்ல கொஞ்சம் கொஞ்சம் சுத்தி அதே வார்னிஷைப் பூசி காய விட்டு, பழைய நூலுக்குப் பக்கத்துல பகல் வெளிச்சத்துல வச்சுப் பாருங்க.

கைடு காலோட முனையைக் கட்டறதுக்கு முன்னாடி அரத்தால சீவி கத்தி முனை மாதிரி ஆக்குங்க, இல்லன்னா நூல் ராட்ல இருந்து கால் மேல ஏறும்போது அங்க ஒரு இடைவெளி விழும், தண்ணி அது வழியாத்தான் உள்ள போகும். சீவும்போது அடியில பிசிறு நிக்கும், அதையும் வழிச்சு எடுத்துடுங்க, அந்தப் பிசிறுதான் ராட்டைக் கீறும்.

இப்ப ஃபெரூல். டிக் டிக் சத்தம் ரெண்டு காரணத்தால வரும். ஃபெரூல்ல உள்ள போற ஆண் பாகமும் அதை வாங்கிக்கற பெண் பாகமும் சேர்ற எடம் தேஞ்சிருக்கலாம், இல்ல ஃபெரூலுக்கும் ராட்டுக்கும் நடுவுல இருக்கற பழைய பசை காஞ்சு விட்டிருக்கலாம். சேத்துப் புடிச்சுக்கிட்டு ராட்டை லேசா வளைங்க, ஃபெரூலோட ஓரத்துல கட்டைவிரலை பாதி உலோகத்துலயும் பாதி ராட்லயும் வச்சுக்கோங்க, அசைவு எங்கன்னு வெரலுக்கே தெரியும். தொண்ணூறு சதம் பசைதான் போயிருக்கும். அப்படின்னா கழட்டித் திரும்ப ஒட்டணும். மொதல்ல குறுக்கால சின்ன ஆணி ஏதாவது அடிச்சிருக்கான்னு பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க, இருந்தா அதை நுண்ணிய பஞ்ச் வச்சு தட்டி எடுத்துட்டுத்தான் அடுத்தது. அப்புறம் ஃபெரூல் மேல மட்டும் கொதிக்கற தண்ணிய ஊத்துங்க, கையுறை போட்டுக்கிட்டு நேரா இழுங்க. நெருப்புல நேரா காட்டாதீங்க, ரெசின் கருகிடும். பிளையர்ஸ் கூடவே கூடாது, உருண்டையா இருக்கற குழாய் ஒரு நூல் அளவு நசுங்கினாலும் அப்புறம் பொருந்தாது.

கழண்டதும் பழைய பசைய சொரண்டி சுத்தம் பண்ணிட்டு உள்ள விட்டுப் பாருங்க. தளர்வா இருந்தா ராட் மேல மெல்லிய நூலை இடம்விட்டு இடம்விட்டு சுத்துங்க, ஃபெரூல் நடுவுல நேரா நிக்கும். மெதுவா காயற எபாக்ஸி போடுங்க, அஞ்சு நிமிஷ சரக்கு வேணாம், அது காஞ்சதும் முறுமுறுன்னு ஆயிடும், இங்க வளைவு தாங்கணும். ஒட்டும்போது உள்ள மாட்டின காத்து ஃபெரூலை வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும், அதனால நேரா நிறுத்தி, கயிறு கட்டி அமுக்கி வச்சு ராத்திரி முழுக்க விட்டுடுங்க. பெண் ஃபெரூல் உள்பக்கம் பசை ஒரு துளிகூட போகக் கூடாது.

ட்ராய்_தமிழன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கார்க் அக்கா சொன்னபடி பண்ணேன், உள்ள தேன் கலர்ல இருந்திருக்கு, நம்பவே முடியல. ஃபெரூலும் கொதிதண்ணியில கழண்டுடுச்சு, பசைதான் போயிருந்தது. ஆனா கழட்டினா அடியில ஒரு விஷயம் தெரியுது, கைப்பிடிப் பீஸோட மேல் முனையில, ஃபெரூல் ஓரம் இருந்த எடத்துல ஆரம்பிச்சு கீழ ஒரு இன்ச்சுக்கு நீளவாக்குல மயிரிழை மாதிரி விரிசல். நகத்தால தடவினா லேசா தட்டுப்படுது. ராட் கதை முடிஞ்சுதா?

ராட்பில்டர்_ஜெர்சி:

முடியல. நீளவாக்குலன்னா நல்ல சேதிதான். அண்ணன் சொன்னாரே, இழை பெரும்பாலும் நேரா ஓடுதுன்னு, அதனால இந்த ராட் பிளந்தா இழைக்கும் இழைக்கும் நடுவுலதான் பிளக்கும், இழை அறுந்திருக்காது. வளையறதைத் தாங்கற பலம் அப்படியே இருக்கு, சுத்திவர இறுக்கிப் புடிக்கறதுதான் போயிருக்கு. அதை நூல் குடுக்கும்.

ஹேர் டிரையர்ல அந்த எடத்தை லேசா சூடு பண்ணி, தண்ணியா இருக்கற எபாக்ஸிய விரிசல் மேல தடவி, ராட்டை ரெண்டு பக்கமும் துளி துளியா வளைங்க, உள்ள இழுத்துக்கும். வெளிய இருக்கறதைத் தொடச்சுட்டு, ஃபெரூல் ஓரத்துல ஆரம்பிச்சு விரிசல் முடியற எடத்தைத் தாண்டி இன்னொரு அரை இன்ச் வரைக்கும் நூலை நல்லா இறுக்கிச் சுத்துங்க, ஒரு சுத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல வெள்ளை தெரியக் கூடாது. ஃபெரூல் ஓரத்துல ஏற்கனவே நூல் கட்டு இருந்திருக்கும், அது கொஞ்சம் நீளமான மாதிரிதான் தெரியும். இந்த எடத்துல மட்டும் வார்னிஷ் இல்ல, எபாக்ஸிதான், இதுல அண்ணனும் ஒத்துப்பார்.

குறுக்கால வெள்ளையா கோடு விழுந்து, அமுக்கினா மெத்துன்னு உள்ள போனாத்தான் பயப்படணும். அப்ப எத்தன நூல் சுத்தினாலும் நிக்காது, உள்ள வேற ஒரு ஃபைபர்கிளாஸ் துண்டை சொருகி ஒட்டணும். அதுக்கும் கிராஃபைட் துண்டு போட்டுடக் கூடாது, அது வளையாது, அது முடியற எடத்துல ராட் புதுசா ஒடியும். எது பண்ணாலும் ஃபைபர்கிளாஸைத் தேய்க்கற வேலைன்னா தண்ணி தொட்டுத் தேயுங்க, மாஸ்க் போடுங்க, அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

நூல்சுத்தி:

ஒத்துக்கறேன், எபாக்ஸியேதான்.

ஊட்டிக்காரன்:

இந்தியாவுல இருந்து படிக்கறவங்களுக்காக நடுவுல ஒரு வார்த்தை. நீலகிரியில ட்ரவுட் (குளிர்ந்த தண்ணி மீன்) இன்னும் இருக்கு, அவலாஞ்சியில குஞ்சு பொரிக்கற பண்ணைய ஹெச்.சி. வில்சன் 1907 வாக்குல ஆரம்பிச்சார், அதனால இங்க எஸ்டேட் பங்களாவுல தொரைங்க விட்டுட்டுப் போன ராட் இப்பவும் வெளிய வருது. என்கிட்ட இருக்கறது இங்கிலாந்துல ஆனிக்ல செஞ்ச ஹார்டி ஃபைபர்கிளாஸ், எங்க அப்பாவுக்கு அவரு தொரை குடுத்தது. நீங்க சொல்ற பிராண்ட் எபாக்ஸியெல்லாம் இங்க கடையில கெடைக்காது. ஃபெரூலுக்கு ஆரல்டைட் ஸ்டாண்டர்டு தாராளமா போதும், நூல் மேல மட்டும் அதைப் பூசாதீங்க, தடியா நிக்கும், மஞ்சளாகும். அதுக்கு மெரைன் வார்னிஷ் கோயம்புத்தூர்ல பெரிய பெயின்ட் கடையில கேட்டா குடுப்பாங்க. ஆரி வேலைக்கு சில்க் த்ரெட்னு விக்கறதை வாங்காதீங்க, அது பெரும்பாலும் ரேயான், முறுக்கு இல்லாம பிரியும். மெல்லிசான பாலியஸ்டர் தையல் நூல் அதைவிட நல்லா நிக்குது. இங்க மழைக்காலத்துல ஈரக்காத்துல வார்னிஷ் காயாது, தை மாசி வரைக்கும் பொறுத்துப் பண்ணா கண்ணாடியா வரும்.

ட்ராய்_தமிழன்:

விரிசல் கட்டியாச்சு, ஃபெரூல் ஒட்டியாச்சு, சத்தம் சுத்தமா போயிடுச்சு. ரெண்டு கைடும் டிப் டாப்பும் மாத்திட்டேன், வார்னிஷ் ரெண்டாவது கோட் காஞ்சுகிட்டு இருக்கு. கடைசியா ஒண்ணு: அந்த ஹெச்.சி.ஹெச் எழுத்து என்னது? எந்த லைன் போடறது?

டென்வர்_அக்கா:

அது பட்டு லைன் காலத்துக் கணக்கு. லைன் எவ்வளவு தடிமன்னு ஒவ்வொரு எழுத்தும் சொல்லும், ஏ எழுத்துன்னா 0.060 இன்ச், அடுத்தடுத்த எழுத்துக்கு 0.005 கொறஞ்சுகிட்டே வரும். ஹெச்.சி.ஹெச்னா ரெண்டு முனையும் 0.025, நடுவுல 0.050, அதாவது டபுள் டேப்பர். ஜி.பி.எஃப்னா முன்பக்கம் கனமான லைன். நைலான் லைனும் பிளாஸ்டிக் கோட்டிங்கும் வந்ததும் ஒரே தடிமன்ல கனம் வேற வேறயா ஆயிடுச்சு, எழுத்துக்கு அர்த்தமே இல்லாம போச்சு. அதனால 1960கள்ல முதல் முப்பது அடி எவ்வளவு கனம்னு கிரெயின்கற சின்ன எடைக் கணக்குல நிறுத்து நம்பர் குடுத்தாங்க, 6ன்னா 160 கிரெயின், 7ன்னா 185.

உங்க ராட்டுக்கு டபுள் டேப்பர் 7ல ஆரம்பிங்க. ஆனா உடனே வாங்கிடாதீங்க, யார்கிட்டயாவது 6ம் 7ம் கடன் வாங்கி புல்வெளியில ரெண்டையும் போட்டுப் பாருங்க, ஒரே மாடல்லயே ஒண்ணு 6க்கு நல்லா வளையும், ஒண்ணு 7 கேக்கும். கிராஃபைட் பழகின கை அவசரப்படும், பின்பக்கம் லைன் முழுசா நீள்ற வரைக்கும் காத்திருந்து அப்புறம் முன்னாடி கொண்டு வாங்க, வேகம் குடுக்க வேண்டியதே இல்ல, ராட் அதுவா தள்ளும்.

மாட்டும்போது ஃபெரூலை நேரா அமுக்குங்க, திருகாதீங்க. ஃபென்விக்னு இன்னொரு கம்பெனி ராட்ல ஜிம் கிரீன்னு ஒருத்தர் கொண்டு வந்த, மெட்டல் இல்லாம ஃபைபர்கிளாஸோட ஃபைபர்கிளாஸே சேர்ற ஃபெரூலைத்தான் லேசா திருகிப் பொருத்தி மெழுகு தடவுவாங்க, உங்களோடது மெட்டல், அதைத் திருகினா ஒட்டின பசை விட்டுடும். கழட்டும்போது இறுக்கமா இருந்தா ராட்டை முழங்காலுக்குப் பின்னாடி குறுக்கா வச்சு, ஃபெரூலுக்கு ரெண்டு பக்கமும் கையால புடிச்சுக்கிட்டு, முழங்காலை வெளிப்பக்கமா விரிங்க, நேரா கழண்டு வரும்.

ஜூன் கடைசியில உங்க ஓ சேபிள் ஆத்துல ஹெக்ஸ் பூச்சி (பெரிய மேஃப்ளை) பறக்குமே, ராத்திரியில அவ்வளவு பெரிய ஃப்ளைய மெதுவா கொண்டுபோய் வைக்கறதுக்கு இந்த ராட் கச்சிதம். கிரேலிங் ஊர் கிட்ட ஹோலி வாட்டர்னு சொல்ற பகுதிக்குப் போனா அங்க ஃப்ளை மட்டும்தான், புடிச்ச மீனைத் திரும்ப விட்டுடணும், சட்டத்தை ஒரு தடவ பாத்துட்டுப் போங்க. அதுக்குள்ள வார்னிஷ் நல்லா இறுகட்டும், கைக்குக் காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் ஒரு வாரம் கவர்ல போடாம தொங்க விடுங்க.